மத்தீஸின் ‘பச்சைக் கோடு’: முகத்தின் நடுவே அந்த நிறம் எதற்கு?

கேள்வி: ஜார்ஜ்டவுன் ஆசிரியை
வணக்கம். பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் 4 மாணவர்களுக்குக் காட்சிக்கலை கற்பிக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் 1905-இல் தம் மனைவி அமேலியை வரைந்த ‘பச்சைக் கோடு’ ஓவியத்தைத் திரையில் காட்டி விளக்கம் எழுதச் சொன்னேன். நெற்றியிலிருந்து முகவாய் வரை இறங்கும் பச்சைப் பட்டை, மனைவி மீது அவருக்கிருந்த கசப்பைக் காட்டுகிறது என்றே பலர் எழுதினர். மீனாட்சியம்மனைப் பச்சையாகத் தீட்டினால் அதை யாரும் கசப்பு என்பதில்லையே என்று ஒரு மாணவி மட்டும் கேட்டிருந்தாள். எதை ஏற்பது?

பதில்: பட்டர்வொர்த் ஓவியர்
மாணவியின் கேள்வி மிக நல்ல கேள்வி. ஆயினும் மீனாட்சியின் பச்சை, இவள் இன்னாள் என்று நமக்கு அறிவிக்கும் அடையாளம். மத்தீஸின் பச்சையோ, ஒளிபட்ட பகுதியும் நிழற்பகுதியும் சந்திக்கும் எல்லையில், பழைய மரபினர் பழுப்பைக் குழைத்துப் பூசியிருக்கக்கூடிய இடத்தில் நிற்கிறது. அதன் ஒருபுறம் முகம் மஞ்சள் சாய்ந்தும் மறுபுறம் இளஞ்சிவப்பாகவும் இருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பட்டையை விரலால் மறைத்தால் மூக்கு எடுப்பிழந்து, இரு கன்னங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் பிரிந்துவிடும். வலப்புறப் பின்னணியும் பச்சையாக இருப்பதால், அது முகத்தில் ஒட்டிய கறையாகத் தனித்து நிற்பதில்லை. நிறத்துக்கு ஓர் உணர்வு என்று பட்டியலிட்டு மனனம் செய்யும் பழக்கம்தான் பிள்ளைகளைக் கசப்புக்கு இட்டுச் சென்றிருக்கிறது என்று கருதுகிறேன்.

பதில்: கோலாலம்பூர் வாசகி
ஓவியர் ஐயா சொல்வது சரியே. ஆனால் அத்தோடு நிறுத்தினால் அமேலி என்ற பெண் காணாமல் போய்விடுகிறார். கணவருக்குப் போதிய வருமானம் இல்லாத காலத்தில் பாரிஸில் தொப்பிக்கடை நடத்திக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். ‘தொப்பியணிந்த பெண்’ என்ற ஓவியத்துக்கும் அவரே அமர்ந்தார். அது 1905-ஆம் ஆண்டின் இலையுதிர்காலக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது ஏளனத்துக்கு உள்ளாயிற்று. ‘பச்சைக் கோட்டில்’ அந்த ஆடம்பரத் தொப்பி இல்லை. கூந்தலை உச்சியில் முடிந்து, நேர்கொண்ட பார்வையோடு இருக்கிறார். மனைவியை வெறுப்பவர் அந்த உறுதியை இப்படி வரைந்திருப்பாரா? இன்னொன்று: கோபன்ஹேகனிலுள்ள மூலப்படம் சுமார் 40 செ.மீ. உயரமே. பெரிய திரையில் பார்த்ததாலும் அந்தப் பட்டை மாணவர்களுக்கு வன்மையாகத் தோன்றியிருக்கலாம்.

ஜார்ஜ்டவுன் ஆசிரியை
இருவருக்கும் நன்றி. அடுத்த வகுப்பில் படத்தை மூல அளவிலேயே அச்சிட்டுக் கொடுத்து, பட்டையை மறைத்தும் திறந்தும் பார்க்கச் சொல்கிறேன். கசப்பு என்று எழுதியவர்கள், நிறத்தை விட்டுவிட்டு, கண்ணிலோ உதட்டிலோ அதை எங்கே கண்டார்கள் என்று சுட்டிக்காட்ட வேண்டும்.