1865இல் அச்சான ஃபாவ்ரே பாதிரியாரின் ஒராங் அஸ்லி புத்தகம்: வாங்கலாமா, எப்படிப் படிப்பது?

புக்கிட்மெர்தாஜம்_வாசகி:
வணக்கம். பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் ஒரு பழைய புத்தகக் கடையில் பியேர் ஃபாவ்ரே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். மலாயாத் தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் பக்கத்துத் தீவுகளிலும் இருந்த காட்டுக்குடிகளைப் பற்றியது (தீபகற்பத்தின் பூர்வகுடிகளை இன்று ஒராங் அஸ்லி என்கிறோம்), கூடவே ஜொகூர்ப் பயணமும் மினாங்கபாவ் நாடுகளுக்குப் போன பயணமும். தலைப்புப் பக்கத்தில் பாரிஸ், 1865 என்று இருக்கிறது. கடைக்காரர் சொல்லும் விலை கிட்டத்தட்ட என் ஒரு மாத வாடகை.

அசல் பிரதியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இது முதல் கேள்வி. இரண்டாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. ஃபாவ்ரே பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையைச் சேர்ந்தவர். எங்கள் புனித அன்னாள் கோயிலுக்கு 1846இல் குன்றின்மேல் முதல் சிற்றாலயம் எழுப்பியதும் அதே சபைக் குருக்கள்தான், எங்கள் வீட்டில் அவர்கள் பேரைச் சொன்னாலே பாட்டி கையெடுத்துக் கும்பிடுவார். அந்த மரியாதையோடு வளர்ந்த நான், மதம் மாற்றப் போன ஒருவர் ஜொகூர்ப் பக்கத்துப் பூர்வகுடிகளான ஜாக்குன் மக்களைப் பற்றி எழுதியதை எவ்வளவு தூரம் நம்பலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையதாள்_கேஎல்:
தங்கச்சி, காசைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தின் முக்கியமான பகுதி 1848லேயே ஜே. ஆர். லோகன் நடத்திய இந்தியத் தீவுக்கூட்ட இதழின் இரண்டாம் தொகுதியில் வந்துவிட்டது. பழைய தொகுதிகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். படிப்பதற்கு மட்டும் என்றால் வாங்கத் தேவையே இல்லை.

அசலா என்று பார்க்க: வெளிச்சத்தில் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஈய எழுத்து அழுத்திய தடம் தாளில் தெரிய வேண்டும், விரலுக்கும் கொஞ்சம் தட்டுப்படும். இப்போது ஸ்கேன் செய்து அச்சடித்து விற்கும் நகல்களில் எழுத்து தட்டையாக இருக்கும், ஓரங்கள் லேசாகக் கலங்கியிருக்கும், பழைய நூலக முத்திரைகூட கறுப்பு மையில் படமாக விழுந்திருக்கும். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், பினாங்கு ஈரத்தில் அது சகஜம். செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், வெயிலிலும் காய வைக்காதீர்கள்.

லோகனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் உங்கள் பினாங்கு வக்கீல், ஐரோப்பியர் அல்லாதவர்களின் உரிமைக்காக வாதாடியவர், 1869இல் இறந்தார். ஹைகோர்ட் எதிரில் நிற்கும் நினைவுச் சின்னம் அவருக்குத்தான், கல்லறை நார்தம் ரோடு பழைய புரோட்டஸ்டண்ட் கல்லறையில் இருக்கிறது. ஜொகூரின் பூர்வகுடிகளான ஒராங் பினுவா மக்களைப் பற்றி அவரே 1847இல் நீளமாக எழுதியிருக்கிறார். கற்பூரம் தேடிக் காட்டுக்குள் போகும்போது மட்டும் பேசும் தனிப்பேச்சு, அதாவது பந்தாங் காப்பூர், அதையும் அதில் பதிந்திருக்கிறார். கிட்டத்தட்ட ஒரே காலம், ஒரே நாடு, ஒருவர் வக்கீல், ஒருவர் பாதிரியார். போயாங் எனப்படும் மந்திரவாதிகளைப் பற்றி இருவரும் எழுதுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் யார் எதைப் பெரிதாக்குகிறார், யார் எதைத் தாண்டிப் போகிறார் என்பது தானாகவே புரியும்.

கோம்பாக்வாசி:
இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் ஃபாவ்ரேயை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. பால் ஷெபெஸ்டா என்று ஒரு பாதிரியார் 1924இல் தீபகற்பத்தின் வடக்குக் காடுகளில் இருந்த பூர்வகுடிகளான செமாங் மக்களிடம் வந்தார். செலவுக்குப் பணம் கொடுத்து உதவியது போப் பதினோராம் பயஸ். ஷெபெஸ்டாவின் ஆசான் வில்ஹெல்ம் ஷ்மிட், அவரும் பாதிரியார்தான், மனித குலத்தின் ஆதி மதமே ஒரே கடவுள் நம்பிக்கைதான் என்று வாதிட்டவர், அதை நிறுவப் பன்னிரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். அப்படிப்பட்டவரின் மாணவர் காட்டுக்குள் வந்தால் எதைத் தேடுவார்? இடி இடித்தால் செமாங் மக்கள் கெண்டைக்காலில் கீறி ரத்தத்தைத் தண்ணீரில் கலந்து வானத்தை நோக்கி எறிவார்கள், இடிக்குரியவர் காரேய். ஷெபெஸ்டா அந்தக் காரேயைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார். ஆனால் அதே மனிதர் அவர்களோடு நடந்தார், ஓலைத் தட்டிக்கு அடியில் படுத்தார், அதனால் யார் யாரோடு இடம் மாறிப் போனார்கள், என்ன தின்றார்கள் என்பதெல்லாம் அவ்வளவு நெருக்கத்தில் வேறு யாரும் அன்றைக்கு எழுதவில்லை. இதையெல்லாம் ஷெபெஸ்டா எழுதிய புத்தகம் 1928இல் ஆங்கிலத்தில் வந்தது, 1973இல் ஆக்ஸ்ஃபோர்ட் மறுபடி அச்சடித்தது.

என் வழி இதுதான்: கடவுள், ஆன்மா, ஒழுக்கம் என்று வரும் பக்கங்களில் நிறுத்தி நிதானமாகச் சந்தேகப்படுங்கள். பிரம்பும் குங்கிலியமும் கொடுத்துத் துணி, உப்பு, பாராங் கத்தி வாங்கிய கணக்கு போன்றவற்றில் பொய் சொல்ல ஒரு பாதிரியாருக்குப் பெரிய காரணம் இருக்காது.

கேரித்தீவு_தோட்டத்துப்பிள்ளை:
கோம்பாக் அண்ணே, கடைசியாகச் சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் இருந்தது. வியாபாரிகள் இவர்களை ஏமாற்றுகிறார்கள் என்று அழுத்தி எழுதினால்தானே நாங்கள் வந்து காப்பாற்றுகிறோம் என்று மிஷனும் கும்பனியும் சொல்ல முடியும்? அதற்காக ஏமாற்றவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போய் அடிமையாக விற்றது நடந்த விஷயம், அதைப் பல பேர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கைச் சொல்லும்போதும் எழுதுகிறவருக்கு ஒரு தேவை இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

நான் வளர்ந்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே மா மெரி என்ற பூர்வகுடி மக்களின் கிராமம் இருக்கிறது. முன்னோரைக் கும்பிடும் ஹாரி மோயாங் அன்று முகமூடி போட்டு ஆடுவார்கள், சின்ன வயதில் ஓடிப்போய்ப் பார்ப்போம். அப்புறம் பெரியவளாகி நம்மைப் பற்றி வெள்ளைக்கார துரைகள் எழுதியதைப் படித்தேன். தமிழன் பணிவானவன், சொன்னதைச் செய்வான், தனக்கென்று யோசனை கிடையாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நம் கொள்ளுப்பாட்டியிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்கு அதைப் படிக்கும்போது வயிறு எரிந்தது. ஃபாவ்ரேயின் புத்தகத்தை ஒரு ஜாக்குன் பெண் படித்தால் அவளுக்கும் அப்படித்தானே இருக்கும்? வாசகி அக்கா, படியுங்கள், கட்டாயம் படியுங்கள். ஆனால் கோம்பாக்கில் ஒராங் அஸ்லி அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கேயும் போங்கள், ஜொகூர்ப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் அந்தக் குடும்பங்களிடமே கேளுங்கள்.

கோம்பாக்வாசி:
நீ சொல்வது சரிதான் தங்கச்சி. அந்தக் கணக்கையும் இன்னொரு சாட்சி இல்லாமல் எடுக்கக் கூடாது.

புக்கிட்மெர்தாஜம்_வாசகி:
எல்லோருக்கும் நன்றி. முதலில் 1847, 1848 தொகுதிகளை இறக்கிப் படிக்கிறேன், புத்தகத்தை வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். தொகுதியில் ஜாக்குன் என்று தேடினால் கொஞ்சம்தான் வருகிறது, வேறு எப்படித் தேடுவது?

பழையதாள்_கேஎல்:
ஒரே பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்கள், ஸ்கேனும் சில எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கும். பினுவா, மந்த்ரா என்று மற்றப் பூர்வகுடிப் பெயர்களிலும் தேடுங்கள். அதைவிட நல்லது, தொகுதியின் முன்பக்கத்தில் இருக்கும் பொருளடக்கத்தைத் திறந்து பக்க எண்ணைப் பிடித்து நேராக அங்கே போய்விடுவது.