ஜாங்கோவை 40 நிமிடத்தில் எப்படிக் காட்டுவது?

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு மதுரையில் எங்கள் நிரலாளர் சந்திப்பில் 40 நிமிடம் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். தலைப்பு, பிளாஸ்க்கும் ஜாங்கோவும்; இரண்டுமே பைத்தான் நிரல்மொழியில் வெப்சைட் கட்ட உதவும் கருவிகள். வருபவர்களில் பாதிப் பேர் மாணவர்கள். பைத்தான் தெரியும், வெப் வேலைகள் பக்கம் வந்ததில்லை.

பிளாஸ்க் 2010-இல் ஏப்ரல் முட்டாள் தின விளையாட்டாகத் தொடங்கிய கதையோடு ஆரம்பித்து, ஏழெட்டு வரியில் ஒரு பக்கத்தை ஓடவிட்டுக் காட்டிவிடுவேன். சிக்கல் ஜாங்கோதான். தளத்தின் தகவல்களை நிர்வகிக்கும் அட்மின் பக்கம் தானாகவே கிடைப்பதைக் காட்ட, முதலில் மாடல் (தகவல் எந்த வடிவில் இருக்கும் என்ற வரையறை), மைக்ரேஷன் (அதன்படி டேட்டாபேஸில் டேபிள்களை உருவாக்குவது) எல்லாம் விளக்க வேண்டும். நேற்று ஒத்திகையில் மைக்ரேட் கட்டளை கொடுக்க மறந்து, 'நோ சச் டேபிள்' (அப்படியொரு டேபிளே இல்லை) என்று பிழை வந்து நின்றது. அதிலேயே பத்து நிமிடம் போச்சு!

இப்படிப் பேசிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: மேடையிலேயே நிரலைத் தட்டச்சு செய்வதா, முன்பே எழுதிவைத்த நிரலைத் திறந்து காட்டுவதா? அப்புறம், அங்கே வைஃபையை நம்ப முடியாது. மாணவர்களுக்கும் நெட்டிலிருந்து இறக்க வேண்டிய பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) முன்பே பென்டிரைவில் கொடுத்தால் சரிப்படுமா?