ஜனவரியில் முனிச் – பிரென்னர் – போல்சானோ: டயர், சங்கிலி, பனியில் ஓட்டுவது பற்றிச் சந்தேகங்கள்

தென்றல்_கோவை:
வணக்கம். ஜனவரி மூன்றாம் வாரம் முனிச் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்து, இன்ஸ்ப்ருக், பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலியின் போல்சானோ வரை போகிறோம். பெரியவர்கள் மூன்று பேர், 5 வயதுப் பையன் ஒருவன். பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுத்தாகிவிட்டது. நம்மூர் நெடுஞ்சாலையில் நல்ல பழக்கம் உண்டு, பனியில் ஓட்டியதில்லை. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி எடுத்தால் பயமில்லையா? பனியில் வழுக்காமலிருக்க டயரில் சுற்றும் சங்கிலி அவசியமா?

மலைப்பாதை:
வண்டி வகையை அப்புறம் பாருங்கள், முதலில் டயர். நான்கு சக்கர இழுவை வண்டி கிளம்பவும் மேடு ஏறவும் உதவும். நிறுத்துவதற்கு ஒரு உதவியும் செய்யாது. 80 கிமீ வேகத்தில் பிரேக்கை முழுசாக மிதித்தால் காய்ந்த தாரில் சுமார் 30 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 100 மீட்டர் ஆகும். பனிக்கட்டி படிந்த சாலையில் 250 மீட்டர் வரை போகும். இது பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் மட்டும்.

ஜெர்மனியில் தேதிக் கணக்கு இல்லை. சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். 2024 அக்டோபர் 1 முதல், பக்கச்சுவரில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்த டயர்தான் செல்லும். ‘எம்+எஸ்’ (சேறும் பனியும்) எழுத்து மட்டும் இருந்தால் போதாது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனி இருக்கும் நேரங்களில் கட்டாயம். அங்கே டயர் வரிப்பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது குளிர்கால டயராகவே கணக்கில் வராது. வண்டி வாங்கும் இடத்திலேயே 2 யூரோ நாணயத்தைப் பள்ளத்தில் செருகுங்கள். வெள்ளி நிற விளிம்பு முழுக்க உள்ளே மறைந்தால் 4 மில்லிமீட்டர் இருக்கிறது. நான்கு டயரிலும் பாருங்கள், உள்பக்கம் தேய்ந்திருப்பது வெளியே தெரியாது. குளிர்கால டயர், சங்கிலி, எல்லை தாண்டும் அனுமதி மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

சங்கிலி: ஆட்டோபானில் (அதிவேக நெடுஞ்சாலையில்) அநேகமாகத் தேவைப்படாது, கிளைச்சாலையில் மலை ஏறினால் தேவைப்படும். நீல வட்டத்தில் சங்கிலி சுற்றிய டயர் படம் கண்டால் மாட்டியே ஆக வேண்டும். இழுக்கும் சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும். சிறிய வாடகைக் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம். டயரின் அளவும் (205/55 ஆர்16 என்பது போல) சங்கிலிப் பெட்டியில் உள்ள அளவும் ஒன்றாக இருக்கட்டும். மாட்டிக் கொஞ்ச தூரம் உருட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாம் இறுக்கலை விட்டால் தளர்ந்த சங்கிலி சக்கர வளைவில் அடித்துப் பிரேக் குழாயைக்கூட வெட்டிவிடும். 50 கிமீக்கு மேல் போகக் கூடாது; கறுப்புத் தார் தெரிந்ததும் கழற்றுங்கள். காய்ந்த வாகன நிறுத்தத்தில் ஒரு தடவை மாட்டிப் பழகாமல் கிளம்பாதீர்கள்.

வடலி:
டயர் சரி எண்டால் அடுத்தது கண்ணாடி கழுவுற தண்ணி. உப்புப் போட்ட வீதியில முன்னால போற லொறி அடிக்கிற சேறு கண்ணாடியைப் பால் மாதிரி ஆக்கிப்போடும். வெறும் தண்ணி விட்டால் குழாயிலேயே உறைஞ்சிடும். மைனஸ் 20 தாங்கிற திரவம் 5 லீட்டர் கான் ஒண்டு காரின்ர பின்பெட்டிக்குள்ள இருக்கவேணும். எல்ஈடி லைட் சூடாகாது, அதில ஒட்டின பனி உருகாது. நிப்பாட்டுற ஒவ்வொரு இடத்திலயும் கையால துடையுங்கோ. பின் லைட்டையும் துடையுங்கோ. பகல் லைட் எரிஞ்சாலும் கனக்க கார்களில பின்னுக்கு இருட்டுத்தான், அதால சுவிச்சைத் திருப்பி லைட்டை நீங்களே போடவேணும்.

ஓடேக்க பார்க்கவேண்டிய இடம் தடம் மாத்திற இடம். இரண்டு தடத்துக்கும் நடுவில சேத்துப்பனி ஒரு வரம்பு மாதிரிக் குவிஞ்சிருக்கும். அதில முன் சில்லு ஏறினவுடன ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அந்த நேரம் பிரேக் பிடிச்சால் சுழண்டுபோடும். வேகத்தை முதலே குறைச்சு, கால் எடுத்து, மெல்லமாக் கடக்கவேணும். பாலங்கள் முதலில உறையும், கீழாலயும் குளிர்காத்து அடிக்கிறபடியால். காரில 3 டிகிரி காட்டினால் வீதி சுழியத்துக்குக் கீழ இருக்கலாம், கார் அளக்கிறது காத்தைத்தான். வேகத்தைத் தானாப் பிடிச்சு வைக்கிற க்ரூஸ் கன்ட்ரோலை நிப்பாட்டி வையுங்கோ. வழுக்கி ஏபிஎஸ் (சில்லு இறுகி நிக்காமல் பாக்கிற பிரேக்) கால் அடியில அதிர்ந்தால் பயந்து காலை எடுக்கவேண்டாம், முழுசா மிதிச்சபடியே திருப்புங்கோ. பனி அள்ளுற லொறிகள் படிக்கட்டு மாதிரி வரிசையா ஓடும், அதுகளுக்கு இடையால புகவே கூடாது.

தென்றல்_கோவை:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆஸ்திரிய விக்னெட்டை (நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டை) இங்கிருந்தே வாங்கலாமா? மூடுபனி விளக்கு எப்போது போடுவது?

மலைப்பாதை:
டிஜிட்டல் விக்னெட் வண்டி எண்ணோடு சேர்ந்தது, எண் கையில் வந்த பிறகே வாங்குங்கள். 10 நாள் விக்னெட் உடனே செல்லுபடியாகும். ஜெர்மன் எண்ணில் புள்ளி வைத்த எழுத்து (Ä, Ö, Ü) இருந்தால் புள்ளியோடு பதியுங்கள். இன்ஸ்ப்ருக்கிலிருந்து பிரென்னர் வரையுள்ள ஏ13 நெடுஞ்சாலைக்குத் தனிச் சுங்கம். கணவாய் 1,370 மீட்டர் உயரம். அதற்குச் சற்று முன் வரும் லூக் பாலத்தில் 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலும் ஒரே தடம்தான், நெரிசல் வரும். அதனால் எரிபொருள் பாதித் தொட்டிக்குக் கீழே போக விடாதீர்கள்.

நெரிசலில் வண்டி வரிசை நிற்கத் தொடங்கினால், இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இடதுபக்கம், மற்றவர்கள் எல்லோரும் வலதுபக்கம் ஒதுங்கி நடுவில் ஆம்புலன்சுக்கு வழி விட வேண்டும். சைரன் கேட்ட பிறகு அல்ல, வரிசை நிற்கத் தொடங்கும்போதே.

பின் மூடுபனி விளக்கு ஜெர்மனியில் 50 மீட்டருக்குள் பார்வை சுருங்கினால் மட்டும். ஆட்டோபான் ஓரத்துக் கறுப்பு-வெள்ளைக் கம்பங்கள் 50 மீட்டருக்கு ஒன்று. அடுத்த கம்பம் தெரியவில்லை என்றால் விளக்கைப் போடுங்கள், வேகம் 50க்கு மேல் கூடாது.

வடலி:
பிள்ளைக்குத் தடிச்ச ஜாக்கெட்டோட பெல்ட் போடவேண்டாம். வெளியால இறுக்கமாத் தெரியும், ஆனால் அடிபட்டால் பஞ்சு அமுங்கிப் பெல்ட் தளர்ந்துபோகும். ஜாக்கெட்டைக் கழட்டி, பெல்ட்டை உடம்போட இறுக்கிப்போட்டு, ஜாக்கெட்டை மேல போர்வை மாதிரிப் போடுங்கோ.