லூப் ஓடும்போதே லிஸ்ட்டிலிருந்து நீக்கினால் 4 மட்டும் ஏன் தப்பிக்கிறது?

கேள்வி:
பைத்தான் இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். [2, 4, 6, 7] என்று ஒரு லிஸ்ட், அதில் ஃபார் லூப் போட்டு இரட்டைப்படை எண் வந்தால் ரிமூவ் செய்யச் சொன்னேன். 7 மட்டும்தானே மிஞ்ச வேண்டும்? [4, 7] வருகிறது, எர்ரரும் இல்லை. அப்புறம் இன்னொன்று, லிங்க்டு லிஸ்ட் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பதில் 1:
லூப் எந்த மதிப்பில் நிற்கிறோம் என்று பார்ப்பதில்லை, எத்தனையாவது இடம் என்று மட்டும்தான் எண்ணிக்கொண்டு போகிறது. முதலில் இன்டெக்ஸ் 0 (இன்டெக்ஸ் என்பது இட எண், 0-இலிருந்து தொடங்கும்), அங்கே 2, நீக்கியாச்சு. லிஸ்ட்டில் நடுவே காலி இடம் இருக்கக் கூடாது என்பதால் மற்றவை எல்லாம் ஒரு இடம் முன்னால் நகர்ந்து [4, 6, 7] ஆகிவிடும். இப்போது 4 இருப்பது இன்டெக்ஸ் 0-இல், லூப் போவதோ இன்டெக்ஸ் 1-க்கு. அங்கே 6, அதுவும் போச்சு. மிச்சம் [4, 7], அடுத்துப் பார்க்க இன்டெக்ஸ் 2 இல்லை, லூப் முடிந்தது. 4-ஐ அது பார்க்கவே இல்லை. பேப்பரில் ஒருமுறை இப்படி எழுதிப் பாருங்கள், மறக்கவே மறக்காது. தீர்வு எளிது: நீக்காதீர்கள், வேண்டியதை மட்டும் ஒரு புது லிஸ்ட்டில் அப்பெண்ட் செய்யுங்கள், அதாவது கடைசியில் சேருங்கள்.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு: வேறு வேறு. பைத்தான் லிஸ்ட் உள்ளுக்குள் ஒரு அர்ரே, மெமரியில் அடுத்தடுத்த இடங்கள். அதனால் 5000-ஆவது எலிமெண்ட் வேண்டுமென்றால் முகவரியைக் கணக்குப் போட்டு நேராகப் போய்விடலாம். லிங்க்டு லிஸ்ட்டில் ஒவ்வொரு நோடுக்கும் (ஒரு எலிமெண்ட்டை வைத்திருக்கும் கண்ணி) தன் மதிப்பும் அடுத்த நோடு எங்கே என்பதும் மட்டும்தான் தெரியும், 5000-ஆவதுக்கு முதலிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும். ஆனால் முன்னால் ஒன்றைச் சேர்க்க அங்கே ஒரே ஒரு இணைப்பை மாற்றினால் போதும், பைத்தான் லிஸ்ட்டில் இன்செர்ட் 0 போட்டால் இருக்கிற எல்லாமே நகர வேண்டும். லட்சம் எலிமெண்ட் இருந்தால் லட்சமும்! கடைசியில் அப்பெண்ட் செய்வது மட்டும் மலிவு, ஏனென்றால் கொஞ்சம் இடம் உபரியாகவே வைத்திருக்கும், அது தீரும்போதுதான் பெரிய இடம் தேடி மாறும். முன்பக்கம் அடிக்கடி சேர்க்கவோ எடுக்கவோ வேண்டியிருந்தால் கலெக்ஷன்ஸ் மாட்யூலில் இருக்கும் டெக் (deque, இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் மலிவானது) பயன்படுத்துங்கள்.

கேட்டவர்:
நன்றி, இப்போது புரிகிறது. ஆனால் பழைய லிஸ்ட்டையே திருத்த வேண்டியிருந்ததால், புதியது = பழையது என்று போட்டு, புதியதில் லூப் ஓட்டி பழையதிலிருந்து நீக்கினேன். மறுபடியும் [4, 7] தான்!

பதில் 1:
வரும், ஏனென்றால் அங்கே இரண்டு லிஸ்ட்டே இல்லை. சமக்குறி போட்டால் அதே லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். பழையதில் நீக்கினால் லூப் ஓடுகிற லிஸ்ட்டும் குறைகிறது. புதியது = பழையது.காப்பி() என்று போட்டு ஓட்டுங்கள், 7 மட்டும் மிஞ்சும். ஒன்று மட்டும் கவனம், லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் இருந்தால் காப்பி வெளி லிஸ்ட்டை மட்டும்தான் நகலெடுக்கும், உள்ளே இருப்பவை இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து நகலெடுக்க டீப்காப்பி வேண்டும்.