வண்டி ஷெட்டுல, பார்ட் எங்க?

குழு: நடேசன் தெரு வண்டிக்காரங்க, குரோம்பேட்டை

காலை 7:42
சுரேஷ்: வணக்கம். முன்பக்கம் இடிச்ச வண்டி 19 நாளா கம்பெனி சர்வீஸ் சென்டர்ல நிக்குது. எஸ்டிமேட்ல 14 அயிட்டம், 11 வந்துடுச்சு. வராதது வலது ஹெட்லேம்ப், ஏசி கண்டென்சர், டிரைவர் ஏர்பேக். கேட்டா "பேக் ஆர்டர் சார், சப்ளை ஷார்ட்டேஜ்"னு மட்டும் சொல்றாங்க. ஆர்டர் போட்டாச்சு, சரக்கு இல்லேன்னு அர்த்தமாம். வெளில வாங்கி மாட்டச் சொல்லலாமா?

7:50
பாலு சார் (பார்ட்ஸ்): மூணுக்கும் ஒரே பதில் கிடையாது. கண்டென்சர் வெளில தாராளமா வாங்கலாம். ஹெட்லேம்ப் பாத்து வாங்கலாம். ஏர்பேக்குக்குக் காத்துத்தான் ஆகணும்.

7:51
பாலு சார் (பார்ட்ஸ்): அதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டர் அட்வைசர்கிட்ட கேளுங்க. போன்ல வேணாம், மெசேஜ்ல. ஒவ்வொண்ணுக்கும் பார்ட் நம்பர் என்ன, ஆர்டர் போட்ட தேதி என்ன, ஸ்டாக் ஆர்டரா விஓஆரா, இப்ப எந்தக் கிடங்குல பெண்டிங் காட்டுது. "ஷார்ட்டேஜ்"ங்கறது பதில் இல்ல. இதுதான் பதில்.

7:53
கோமதி மாமி: விஓஆர்னா என்னப்பா?

7:58
பாலு சார் (பார்ட்ஸ்): வெஹிக்கிள் ஆஃப் ரோடு மாமி. வண்டி ஓட முடியாம நிக்குது, அவசரம்னு போடற ஆர்டர். ஸ்டாக் ஆர்டர் மத்த சாமானோட மூட்டையா லாரில வரும். விஓஆர் தனியா பேக் ஆகி கூரியர்ல வரும். ஆனா பல கம்பெனில விஓஆர் போட்டா டீலருக்கு டிஸ்கவுண்ட் குறையும், அனுப்பற செலவும் அவங்க தலைல விழும். அதனால வாயைத் தொறந்து கேக்காத கஸ்டமருக்கு ஸ்டாக் ஆர்டர்லயே தள்ளி விட்டுடுவாங்க. 19 நாள்ல எத்தனை நாள் நிஜமான தட்டுப்பாடு, எத்தனை நாள் இதுன்னு யாருக்குத் தெரியும்?

8:04
முருகேசன் ஷெட்: நம்பரைக் கேட்டு வாங்குறதுதான் முதல் வேலை. ஆர்சில இருக்கற சேசிஸ் நம்பர் 17 எழுத்து, அதைப் போட்டுத் தேடுனாத்தான் சரியான பார்ட் வரும். மாடல் பேரும் வருஷமும் போதாது. ஒரே மாடல்ல ஹாலஜன் ஒண்ணு, புரொஜெக்டர் ஒண்ணு, எல்இடி ஒண்ணு. நடு வருஷத்துல கனெக்டரை வேற மாத்திருப்பான்.

8:06
பாலு சார் (பார்ட்ஸ்): ஆமா. அதோட சூப்பர்செஷன் பாக்கச் சொல்லுங்க. கம்பெனி பழைய நம்பரை நிறுத்திட்டுப் புது நம்பர் குடுத்திருப்பான். ஆர்டர் பழைய நம்பர்லயே கிடந்தா அது இந்த ஜென்மத்துல வராது. புது நம்பர் பக்கத்துக் கிடங்குலயே தூங்கிட்டிருக்கும்.

8:09
கோமதி மாமி: மெட்ரோ வாட்டர் லாரி இன்னிக்கு வருமா?
8:09
கோமதி மாமி: சாரி, வேற குரூப்

8:15
சுரேஷ்: சப்ளை ஷார்ட்டேஜ்னா சிப் தட்டுப்பாடுதானே? ஹெட்லேம்ப், கண்டென்சர்லாம் கூடவா சிப் பிரச்சனை? சும்மா ஒரு காரணம் சொல்றாங்களோ?

8:27
பாலு சார் (பார்ட்ஸ்): கண்டென்சர்ல சிப் கிடையாது, வெறும் அலுமினியம். எல்இடி ஹெட்லேம்ப்ல டிரைவர் போர்டு உண்டு. ஏர்பேக் பையில சிப் இல்ல, ஆனா அதை வெடிக்கச் சொல்ற கண்ட்ரோல் யூனிட் முழுக்க சிப்தான்.
2020 ஊரடங்குல கார் கம்பெனிகள் சிப் ஆர்டரைக் குறைச்சாங்க. அந்த இடத்தை லேப்டாப்காரனும் போன்காரனும் பிடிச்சுட்டான். திரும்பி வந்தப்போ வரிசைல கடைசி. 2021 மார்ச் 19 ஜப்பான்ல ரெனசாஸ்ங்கற சிப் கம்பெனியோட நாகா ஆலை தீப்பிடிச்சது, காருக்கான மைக்ரோகண்ட்ரோலர் அங்கதான் நிறைய. 2025 ஏப்ரல்ல சீனா அரிய மண் காந்தத்துக்குக் கட்டுப்பாடு போட்டுது, அக்டோபர்ல நெக்ஸ்பீரியாங்கற கம்பெனியோட சிப் வரத்து நின்னுது. காந்தம் இல்லேன்னா பவர் ஸ்டியரிங் மோட்டார் கூட வராது.
இருக்கற சிப் முதல்ல புது வண்டி லைனுக்குத்தான் போகும். ஸ்பேர் ரெண்டாம்பட்சம். புது வண்டி நின்னா கம்பெனிக்கு நஷ்டம், உங்க வண்டி நின்னா உங்களுக்கு மட்டும்தான.

8:30
பாலு சார் (பார்ட்ஸ்): சிப் இல்லாத பார்ட்டும் லேட்டாகும், காரணம் வேற. பழைய மாடல் ஃபெண்டர் ஒண்ணு அடிக்கணும்னா பிரஸ்ல ஓடற டையை, அதாவது அச்சை, கழட்டிட்டு இதோட டையை மாட்டணும். பத்து பீஸுக்காக எந்த சப்ளையரும் அதைச் செய்யமாட்டான். ஆர்டர் சேரட்டும்னு உக்காந்திருப்பான்.

8:41
முருகேசன் ஷெட்: கண்டென்சர் விஷயம் சொல்றேன். சுப்ரோஸ், டென்சோ மாதிரி கம்பெனிக்கே சப்ளை பண்றவங்க சரக்கு சென்னை ஜிபி ரோடு பார்ட்ஸ் கடைகள்ல கிடைக்கும். பழசைக் கையில எடுத்துட்டுப் போய்ப் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்: கோர் தடிமன், பைப் யூனியன் இருக்கற இடம், மாட்டற காது நாலும். புதுசுல பைப் வாய்ல பிளாஸ்டிக் மூடி இருக்கணும். மூடி இல்லாம தூசியில கிடந்ததை வாங்காதீங்க.

8:44
முருகேசன் ஷெட்: அதைவிட முக்கியம். 19 நாளா ஏசி பைப் வாயைத் தொறந்து போட்டிருக்காங்களா பாருங்க. ஈரம் உள்ள போனா, ஈரத்தை உறிஞ்சற டிரையர்ல இருக்கற குருணை தண்ணியக் குடிச்சுடும், அப்புறம் அது உதவாது. இப்ப வர்ற நிறைய கண்டென்சர்ல டிரையர் கூடவே ஒட்டி வரும், தனியா இருந்தா அதையும் மாத்தணும். பச்சை ஓ-ரிங் எல்லாம் புதுசு. மாட்டினதும் அரை மணி நேரம் வாக்கூம், நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் கேஜ் ஏறாம இருக்கணும். கேஸ் எத்தனை கிராம்னு பானெட்டுக்கு அடில ஸ்டிக்கர் இருக்கும், அந்த அளவுதான். "கூலிங் வர்ற வரைக்கும் அடி"ங்கறவன்கிட்ட குடுக்காதீங்க.

8:52
சுரேஷ்: அண்ணே, ஹெட்லேம்ப் பழைய பார்ட் விக்கற புதுப்பேட்டைல பாக்கலாமா?

9:01
முருகேசன் ஷெட்: பாக்கலாம் தம்பி. ஆனா பகல்ல போ. லென்ஸை வெயிலுக்குக் காட்டு, மயிரிழைக் கீறல் தெரியும். பின்னாடி காது எல்லாத்தையும் விரலால தடவிப் பாரு. உடைஞ்ச காதைப் பசை போட்டு ஒட்டிக் கறுப்பு பெயிண்ட் அடிச்சு வெச்சிருப்பான், தடவுனா மேடு தட்டும். அட்ஜஸ்டர் ஸ்க்ரூவ ஸ்க்ரூ டிரைவர்ல திருப்பு, உள்ள ரிஃப்ளெக்டர் அசையணும். அசையலேன்னா மாட்டினப்புறம் ஃபோகஸ் வைக்க முடியாது, எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். லேசாக் குலுக்கிப் பாரு, உள்ள எதுவும் உருளக் கூடாது.

9:03
முருகேசன் ஷெட்: லென்ஸ் நல்லா இருந்து உன்னோடதுல காது மட்டும் போயிருந்தா, சில மாடலுக்கு ரிப்பேர் பிராக்கெட்டே தனியா வருது. நம்பர் கேக்கும்போது அதையும் கேளு. முழு லைட்டுக்காகவே நிக்குதோ என்னவோ.

9:20
நசீமா அக்கா (சர்வேயர்): கொஞ்சம் பொறுங்க எல்லாரும். இது இன்சூரன்ஸ் கிளெய்ம்தானே சுரேஷ்? சேதத்தைப் பாக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின சர்வேயர் அப்ரூவ் பண்ணினது புது ஒரிஜினல் பார்ட். நீங்களா புதுப்பேட்டைல வாங்கி மாட்டிட்டா அந்த லைன் கிளெய்ம்ல இருந்து போயிடும். பார்ட் வரலேன்னு டீலர்கிட்ட ஒரு வரி மெயில் வாங்கி, மாத்துப் பார்ட்டுக்கு சம்மதம் எழுத்துல வாங்கினப்புறம் வாங்குங்க. ஜிஎஸ்டி பில் கட்டாயம். பழைய பார்ட்டை மறு ஆய்வு முடியற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க.

9:26
நசீமா அக்கா (சர்வேயர்): நில் டெப், அதாவது தேய்மானக் கழிவு பிடிக்காத கூடுதல் கவர், இருக்கா? இல்லேன்னா கணக்கு: பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் எல்லாத்துக்கும் 50% உங்க கைல இருந்து. ஹெட்லேம்ப் பிளாஸ்டிக்லதான் வரும். உலோகம் வண்டி வயசைப் பொறுத்து. மூணு முடிஞ்சு நாலுக்குள்ளன்னா 25%. கண்ணாடிக்குக் கழிவே இல்ல. இதெல்லாம் போக, 1500 சிசி இன்ஜின் வரைக்கும் கட்டாயக் கழிவு 1000 ரூபா.

9:28
சுரேஷ்: நில் டெப் இருக்கு அக்கா. பாலிசி அடுத்த மாசம் 6ஆம் தேதி முடியுது.

9:31
நசீமா அக்கா (சர்வேயர்): அப்ப இதை முதல்ல பண்ணுங்க. வண்டி ஷெட்டுலதானே நிக்குதுன்னு ரினியூவலைத் தள்ளிப் போடாதீங்க. ஒரு நாள் விட்டுப் போனாலும் மறுபடி இன்ஸ்பெக்ஷன் கேப்பாங்க. பம்பர் கழட்டிக் கிடக்கற வண்டியை எவன் பாஸ் பண்ணுவான்? வண்டி ஷெட்டுல நிக்கற நாளுக்குக் காசு தர்ற தினப்படி ஆட்ஆன் இருந்தா அதையும் படிங்க. எத்தனை நாள் கழிச்சு ஆரம்பிக்கும், அதிகபட்சம் எத்தனை நாள், பார்ட்டுக்காகக் காத்திருக்கற நாளும் சேருமான்னு.

9:40
கோமதி மாமி: ஏர்பேக் ஏன் வெளில வாங்கப்படாது? அதுவும் ஒரு பைதானே?

9:52
பாலு சார் (பார்ட்ஸ்): பைக்குள்ள வெடிமருந்து இருக்கு மாமி. ஐநா எண் 3268, ஆபத்தான சரக்கு வகை 9. கூரியர் பையன் ஸ்கூட்டர்ல கொண்டு வர முடியாது, தனி பேக்கிங், தனி காகிதம். அதனாலயே அது மத்ததைவிட லேட்டாகும். செகண்ட் ஹேண்ட்ல எந்த வண்டில இருந்து எடுத்தான், நனைஞ்சதா, தேதி என்ன, ஒண்ணும் தெரியாது.

9:55
முருகேசன் ஷெட்: வெடிச்ச ஏர்பேக்னா பை மட்டும் மாத்துனா பத்தாது. கண்ட்ரோல் யூனிட்ல கிராஷ் பதிவாயிருக்கும், பெல்ட்டை இறுக்கற சீட் பெல்ட் பிரீடென்ஷனர் இழுத்திருக்கும், ஸ்டியரிங்குக்குப் பின்னாடி ஏர்பேக்குக்குக் கரண்ட் கொண்டு போற சுருள் வயர், கிளாக் ஸ்பிரிங், கருகியிருக்கலாம். நாலும் எஸ்டிமேட்ல இருக்கா பாரு. ஏர்பேக் வந்ததும் "கிளாக் ஸ்பிரிங் ஆர்டர் போடணும் சார்"னு இன்னொரு மூணு வாரம் இழுக்கக் கூடாது.

9:57
முருகேசன் ஷெட்: இன்னொண்ணு. சில இடத்துல ஏர்பேக்குக்குப் பதிலா ரெண்டு மூணு ஓம் ரெசிஸ்டரைக் கனெக்டர்ல சொருகி, மேல புது கவரை ஒட்டிக் குடுப்பான். லைட் அணைஞ்சுடும், உள்ள பை இருக்காது. சாவி ஆன் பண்ணதும் ஏர்பேக் லைட் எரிஞ்சு சில செகண்ட்ல அணையணும். எரியவே இல்லேன்னாலும் தப்பு. லைட் மட்டும் இந்த ரெசிஸ்டர் வேலையைக் காட்டிக் குடுக்காது, அதனால டெலிவரி அன்னிக்கு பார்ட் பெட்டியையும் சீரியல் ஸ்டிக்கரையும் கேட்டு போட்டோ எடு.

10:10
சுரேஷ்: வண்டி நிக்கிற வரைக்கும் நான் என்ன பண்ணணும்?

10:18
முருகேசன் ஷெட்: பேட்டரி மைனஸைக் கழட்டச் சொல்லு. டயர்ல நாலஞ்சு பிஎஸ்ஐ கூட வை. பம்பர் கழண்ட வண்டிக்குள்ள எலி சுலபமாப் போகும், வயரிங் ஹார்னஸை ஒரே ராத்திரில கடிச்சுத் துப்பிடும், அப்புறம் அந்த ஹார்னஸுக்குப் பேக் ஆர்டர்! கூரைக்கு அடில நிறுத்தச் சொல்லு. கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாத்துக்கும் போட்டோ.

10:20
பாலு சார் (பார்ட்ஸ்): வெளியூர் டீலர்கிட்ட ஸ்டாக் இருக்கான்னு சிஸ்டத்துல பாக்கலாம், பாக்கச் சொல்லுங்க. டீலருக்கு டீலர் மாத்திக்குவாங்க. அட்வான்ஸ் கேட்டா ரசீதுல பார்ட் நம்பர் எழுதி வாங்குங்க. பெட்டில அச்சடிச்ச எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூபா கிடையாது, வரி அதுல அடக்கம். 2025 செப்டம்பர் 22லேந்து பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18%தான், 28% போட்ட எஸ்டிமேட்டை அப்படியே நீட்டினா திருத்தச் சொல்லுங்க. எழுத்துல பதிலே வரலேன்னா 1915, நுகர்வோர் ஹெல்ப்லைன்.

மதியம் 1:12
சுரேஷ்: அட்வைசர் பதில் அனுப்பிட்டார். கண்டென்சர், ஏர்பேக் ரெண்டும் ஸ்டாக் ஆர்டர்லதான் போட்டிருந்தாங்க. இப்ப விஓஆருக்கு மாத்திட்டாங்க. ஹெட்லேம்ப் நம்பர் பழசாம். புது நம்பர் போட்டுப் பாத்தா திருச்சில ஒரு டீலர்கிட்ட ரெண்டு பீஸ் இருக்கு.

1:14
பாலு சார் (பார்ட்ஸ்): சொன்னேன்ல.

1:15
நசீமா அக்கா (சர்வேயர்): நம்பர் மாறினதை சர்வேயருக்கு மெயில் போடுங்க. பில்லுல புது நம்பர் வந்து அப்ரூவல்ல பழசு இருந்தா அங்க ஒரு வாரம் நிக்கும்.

1:21
முருகேசன் ஷெட்: பம்பர் கிளிப் ஆர்டர்ல இருக்கா? அந்த வெள்ளைக் கிளிப், தலை உடைஞ்சா திரும்பப் போடவே முடியாது. எல்லா பார்ட்டும் வந்து கிளிப் இல்லாம வண்டி நிக்கும். பம்பர் பிராக்கெட்டும் ரெண்டு பக்கமும் பாரு.

1:23
சுரேஷ்: எத்தனை அண்ணே?

1:24
முருகேசன் ஷெட்: லிஸ்ட்ல எத்தனை இருக்கோ அதோட நாலு சேத்து.