புது மானிட்டர்: 144 வரல, கருப்பு சாம்பலா தெரியுது, ஃபேன் போட்டா திரை அணையுது

வில்லாபுரத்தான்:
27 இன்ச், 2560×1440, 144 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 144 தடவை படம் மாறும்) மானிட்டர். கிராபிக்ஸ் கார்டு என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, விண்டோஸ் 10. பழைய 22 இன்ச்சோட எச்டிஎம்ஐ கேபிளையே மாட்டியிருக்கேன். 60-க்கு மேல லிஸ்ட்லயே இல்ல. கருப்பு வெளுத்துக் கிடக்கு. ஃபேன் சுவிட்சைத் தட்டினா ரெண்டு செகண்ட் திரை போயிட்டு வருது. மாத்திக் கேட்கலாமாண்ணே? கடையில ஒரு வாரம்தான் டைம்.

சிம்மக்கல்காரன்:
மாத்த ஓடாதீங்க தம்பி. கேபிள் சரியில்லைன்னா 144 லிஸ்ட்ல வரும், தேர்ந்தெடுத்ததும் திரை போயிரும். லிஸ்ட்லயே வரலைன்னா போர்ட்டைப் பாருங்க. கேபிள் மதர்போர்டுல சொருகியிருக்கா, கார்டுலயா? கார்டுல எச்டிஎம்ஐ 2.0 இருக்கு, 144 தாங்கும். ஆனா சில மானிட்டர்ல போர்ட்டே பழைய எச்டிஎம்ஐ 1.4-ஆ இருக்கும், இல்ல மெனுவுல அப்படி செட் ஆகி வந்திருக்கும். அதுல செகண்டுக்கு 10.2 ஜிகாபிட் டேட்டாதான் போகும்; 1440-க்கு 60, மிஞ்சிப்போனா 75. பேசாம 2 மீட்டருக்குள்ள ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்குங்க, நம்ம மதுரை டவுன்ஹால் ரோட்டுலயே கிடைக்கும். மாட்டினதும் விண்டோஸ் செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 144-ஐ நீங்கதான் போடணும்.

கருப்பு வெளுக்கிறது ரேஞ்ச், அதாவது கருப்புல இருந்து வெள்ளை வரைக்குமான எண் அளவு, பொருந்தாம. கார்டு டிவின்னு நினைச்சு 16–235 அனுப்புது, மானிட்டர் 0–255 எதிர்பார்க்குது. என்விடியா கண்ட்ரோல் பேனல், சேஞ்ச் ரெசல்யூஷன்ல ஆர்ஜிபி, டைனமிக் ரேஞ்ச் ‘ஃபுல்’ வைங்க. மானிட்டர் மெனுவுலயும் ஃபுல்தான் இருக்கணும். அங்க லிமிடெட்னு விட்டா நேர்மாறா இருட்டுப் பகுதியெல்லாம் அப்பிக்கும்.

திருமங்கலம் வயர்மேன்:
ஃபேன் விஷயத்துல எர்த்தையும் பாருங்க. சுவிட்ச் பொறி அடிக்கும்போது கிளம்புற மின் இரைச்சல், ஷீல்டு (உள்ள சுத்தியிருக்கிற உலோக உறை) மெலிசான கேபிள்ல ஏறுது. டெஸ்டரை கேபினட்டோட பெயிண்ட் இல்லாத ஸ்க்ரூவுல வைங்க. எரிஞ்சா எர்த் வரல. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரோட பவர் சப்ளை) ஃபில்டர் வழியா கசியிற கரண்ட் அது. மலிவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டு வயர்தான் ஓடும், மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு. சுவர் சாக்கெட்டுல நேரா மாட்டிப் பாருங்க. அங்கயும் எரிஞ்சா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. எர்த்தை நியூட்ரலோட சேர்த்துக் கட்டிவிடுறேன்னு சொன்னா மட்டும் விடாதீங்க, நியூட்ரல் அறுந்தா கேபினட்டே ஷாக் அடிக்கும்.

வில்லாபுரத்தான்:
டிஸ்ப்ளேபோர்ட்ல 144 வந்துருச்சு, கலரும் சரி. பாக்ஸையும் மாத்தியாச்சு, இப்ப அணையல. ஆனா விண்டோஸ் வர்ற வரைக்கும் ஒண்ணுமே தெரியல, பயாஸ் (ஆன் பண்ணதும் வர்ற செட்டிங் திரை) கூட.

சிம்மக்கல்காரன்:
900, 1000 சீரிஸ் கார்டுல தெரிஞ்ச தொந்தரவுதான். டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4-க்குன்னு என்விடியாவே ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்) டூல் விட்டிருக்கு. அதை ஓட்டும்போது கரண்ட் போயிரக்கூடாது, யுபிஎஸ்ல வைங்க. அப்பவும் வரலைன்னா மானிட்டர் மெனுவுல டிஸ்ப்ளேபோர்ட்டை 1.2-க்கு இறக்குங்க, 1440-ல 144-க்கு அதுவே தாராளம்.