48 வயதில் ஜேனட் பேக்கர் ஓபராவை ஏன் விட்டார்?

கீழ்ஸ்தாயி:
வணக்கம். இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவில் 1982-ல் மேடையேறிய குளுக்கின் 'ஓர்ஃபியோ' வீடியோவை முழுதாகப் பார்த்தேன். ஆர்ஃபியஸாக இங்கிலாந்துப் பாடகி ஜேனட் பேக்கர். அதுதான் அவருடைய கடைசி ஓபரா என்று தெரிந்ததும் மனசே ஆறவில்லை. அப்போது அவருக்கு 48 வயதுதான். குரலில் ஒரு குறையும் என் காதுக்குத் தெரியவில்லை. இப்படிப் பாடிக்கொண்டிருக்கும்போதே ஏன் நிறுத்தினார்? இன்னொன்று, ஆண் வேடத்தை ஏன் பெண் பாடுகிறார்?

பழைய இசைத்தட்டு:
இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1762-ல் வியன்னாவில் குளுக் அந்த வேடத்தை குவாதாஞ்ஞி என்ற காஸ்ட்ராட்டோ பாடகருக்காக எழுதினார். அதாவது, குரல் உடையாதபடி சிறுவயதிலேயே அறுவை செய்யப்பட்ட ஆண். அந்தக் கொடுமையான வழக்கம் ஒழிந்த பிறகு, 1859-ல் பெர்லியோஸ் இந்த ஓபராவை பாலின் வியார்தோ என்ற பாடகிக்காகத் திருத்தி அமைத்தார். அதன்பின் மெஸ்ஸோக்கள் (நடுஸ்தாயிப் பாடகிகள்) அதைத் தங்கள் வேடமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

இப்போது முதல் கேள்வி. பேக்கர் விட்டது ஓபராவை மட்டும்தான். கச்சேரி மேடையில் 1989 வரை பாடினார். ஓபராவை விட்டதும் அவருடைய இசை வாழ்க்கையே முடிந்துவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். அது எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் வேர்விட்ட இடமே கச்சேரி மேடை.

யார்க்‌ஷயர் பெண். லீட்ஸில் வங்கி வேலை பார்த்துவிட்டு 1953-ல் லண்டன் வந்தார். 1956-ல் கேத்லீன் ஃபெரியர் போட்டியில் இரண்டாம் பரிசு. அதே வருஷம் பஸ் மோதி அடிபட்டார்; முதுகுவலி அதோடு ஒட்டிக்கொண்டது. லண்டனின் கவெண்ட் கார்டன் ஓபரா அரங்கில் முதன்முதலாகப் பாடியது 1966-ல். அதற்கு முன்பே இசை நடத்துநர் பார்பிரோலியோடு எல்கரின் 'கடல் சித்திரங்கள்' ஒலிப்பதிவாகி வந்துவிட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மேடையில் ஓபரா பாடவே இல்லை, ஆனால் அதே ஊரில் தனிக் கச்சேரிகளுக்குக் கொண்டாடப்பட்டவர்.

விடைபெற்றதும் திட்டமிட்டுத்தான். கவெண்ட் கார்டனில் 'அல்செஸ்தே', இங்கிலீஷ் நேஷனல் ஓபராவில் 'மேரி ஸ்டூவர்ட்', பிறகு நீங்கள் பார்த்த 'ஓர்ஃபியோ'. அந்த வருஷம் முழுக்க நாட்குறிப்பு எழுதிப் புத்தகமாகவும் போட்டார். 'மேரி ஸ்டூவர்ட்' கேளுங்கள். சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பெண் குரல்) வேடத்தைத் தன் குரலுக்கேற்றபடி சுருதி இறக்கிப் பாடுகிறார், அதுவும் ஆங்கிலத்தில். எலிசபெத் ராணியின் முகத்துக்கு நேரே மேரி வசைச்சொல்லை வீசும் இடத்தில் ஒவ்வொரு எழுத்தும் தெறிக்கும். இந்த அளவு தன்னைக் கொடுத்து நடிக்கிறவர், இறங்குமுகம் தொடங்கும் முன்பே போதும் என்று முடிவெடுத்தது எனக்கு முழுக்கச் சரியாகவே படுகிறது.

வடக்கு வாசல்:
அவர் வேர்விட்ட இடம் கச்சேரி மேடை என்றதற்கு ஒரு சான்று. இவர் குரலை மனதில் வைத்தே இசையமைப்பாளர்கள் கச்சேரிக்கென்று எழுதினார்கள். டொமினிக் அர்ஜென்டோ, வர்ஜீனியா வுல்ஃபின் நாட்குறிப்பை வைத்து எழுதிய பாடல் தொகுப்புக்கு 1975-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. உடம்பு முடியாத நிலையில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய 'ஃபீத்ரா'வை 1976 ஜூனில் ஆல்டிபரோவில் முதலில் பாடியவரும் இவர்தான். அந்த டிசம்பரில் பிரிட்டன் காலமானார்.

கீழ்ஸ்தாயி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பழைய இசைத்தட்டு:
பர்செலின் 'டைடோ அண்ட் ஈனியஸ்' ஓபராவில் டைடோ ராணி வேடம், 1961 பதிவு. 28 வயசுக் குரல். கடைசிப் புலம்பலில், அடியில் ஐந்து பார் (தாளச் சுற்று) நீளமுள்ள பேஸ் (கீழ்ஸ்தாயி) வரி படிப்படியாக இறங்கி இறங்கித் திரும்ப வரும். மேலே 'என்னை நினைத்துக்கொள்' என்ற சொற்கள் முதலில் ஒரே ஸ்வரத்திலேயே நிற்கும், பிறகுதான் மேலே ஏறும். ஏறுகிற இடத்தில் அவர் கத்துவதில்லை. குரலின் நிறத்தை மட்டும் மாற்றுகிறார். ஹெட்போனில் கேளுங்கள். அப்புறம் 'கடல் சித்திரங்கள்' நான்காவது பாட்டு. அது பிடித்துவிட்டால் பார்பிரோலியோடு 1969-ல் பதிவான, ரூக்கர்ட் கவிதைகளுக்கு மாலர் இசையமைத்த பாடல்களுக்குப் போகலாம். பாடல் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.